கீழ்ப்படிதலில் தொண்ணூற்றொன்பது

டர்ர்ர்ரென்று மணி அலறியது.

சனிக்கிழமை பிற்பகலில் அந்த மணி அடிக்கக் கூடாது. குளியலறையில் முகம் மழித்துக்கொண்டிருந்த அப்பா தாடையில் கீறிக்கொண்டார். ஸ்டூலில் உட்கார்ந்து பட்டமளிப்பு அங்கியின் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்த மகள், ஊசியைப் போட்டுவிட்டு எழுந்து விறைப்பாக நின்று, "பிரசென்ட் மிஸ்" என்றாள். பழக்க தோஷம்.

ஃப்ரிட்ஜுக்கு மேலே சுவரில் மாட்டியிருந்த மின்சார மணி அது. நிஜப் பள்ளிக்கூடங்களில் ஆயிரம் பிள்ளைகளை மைதானத்திலிருந்து வகுப்புக்கு விரட்டுவதற்கென்று செய்யப்பட்டது. இந்த வீட்டில் பன்னிரண்டு வருஷமாக ஒரே ஒரு பெண்ணை அடுக்களையிலிருந்து சாப்பாட்டு மேஜைக்கு விரட்டிக்கொண்டிருந்தது.

அம்மா மூக்குக்கண்ணாடியோடு வந்தாள். கண்ணாடி போட்டிருந்தால் ஹெட்மிஸ்ட்ரஸ், கழற்றினால் அம்மா. இது தெரியாமல் பேசி மாட்டிக்கொண்டவர்களில் முதல் ஆள் அப்பாதான்.

"ரிசல்ட் வந்துருச்சு" என்றாள்.

முகத்தில் பாதி நுரையோடு அப்பா எட்டிப் பார்த்தார். "எங்கேருந்து?"

"எங்கேருந்து வரும்? என்கிட்டேருந்துதான்."

"பேனர் கட்டியாச்சு. சர்ச்சுலேருந்து சேர் வந்து இறங்கியாச்சு. பாஸ்டர் ஐயா இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துருவாரு. இப்ப என்ன ரிசல்ட்டு?"

"விழா வேற, தேர்வு வேற. எல்லாப் பாடத்துலயும் பாஸ். ஒரு பாடத்துல மட்டும் ஃபெயில்."

"எதுல மிஸ்?" என்றாள் மகள்.

"கீழ்ப்படிதல்."

அப்படி ஒரு பாடம் மற்ற பள்ளிகளில் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். இந்தப் பள்ளியில் இருந்தது. கணக்குக்கும் அறிவியலுக்கும் நாற்பது எடுத்தால் தேர்ச்சி. கீழ்ப்படிதலுக்கு நூறு எடுக்க வேண்டும். 'பாதிக் கீழ்ப்படிதல் கீழ்ப்படியாமையே' என்று அம்மா ஒரு அட்டையில் வண்ணப் பேனாவால் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாள். பால் எடுக்கப் போனாலும் படித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

"எவ்வளவு மிஸ் எடுத்திருக்கேன்?"

"தொண்ணூத்தொம்பது."

"அந்த ஒரு மார்க் எங்க போச்சு?"

"போன வாரம் உன்கிட்ட என்ன சொன்னேன்? ஹாஸ்டலும் வேணாம், ஒண்ணும் வேணாம், வீட்டுலேயே இருந்து தபால்ல டிகிரி படின்னு சொன்னேன். நீ என்ன பதில் சொன்ன?"

"யோசிச்சுச் சொல்றேன்னு சொன்னேன்."

"அங்கதான் போச்சு."

மகளுக்கு நில அளவைப் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. வெளியூர், ஹாஸ்டல். பிறந்ததிலிருந்து ஒரு சாப்பாட்டு மேஜையின் நீள அகலத்துக்குள் வளர்ந்த பெண், வெட்டவெளியில் நடந்து நடந்து பூமியை அளக்கப் போகிறேன் என்றதும் அப்பா சிரித்தார், அம்மா சிரிக்கவில்லை. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். வீட்டில் படித்தவர்களையும் எடுத்துக்கொள்ளும் கல்லூரிதான். ஆனால் பள்ளி முதல்வர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் இல்லாமல் வாசல் மிதிக்க முடியாது. முதல்வரோ இப்போது ஃப்ரிட்ஜ் மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

"அப்ப திங்கக்கிழமை?"

"திங்கக்கிழமை வழக்கம்போல கிளாஸ். ஒரு வருஷம் அதே பாடத்தை மறுபடி படி. குறைஞ்சா போயிடுவ?"

"இன்னைக்கு விழா?"

"அது நடக்கும். மேடையில ரிப்பன் கட்டின ஒரு சுருள் தருவேன். உள்ள வெள்ளைத் தாள்தான். பிரிக்கக் கூடாது. ஏன்னு யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. புரிஞ்சுதா?"

"எஸ் மிஸ்."

எல்லாம் எப்படி ஆரம்பித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மகளை முதலில் நிஜப் பள்ளியில்தான் சேர்த்தார்கள். முதல் நாள் சாயங்காலம் திரும்பி வந்தவள் அம்மாவைப் பார்த்து, "போடி" என்றாள். எந்தப் பிள்ளையிடமிருந்து தொற்றியதோ. மறுநாளே பெயரை வெட்டி வாங்கி வந்துவிட்டாள் அம்மா. உலகம் கெட்டது, வீடு நல்லது என்று சபையில் சாட்சியும் சொன்னாள்.

அன்றிலிருந்து சீருடை, ஷூ, காலை ஜெபம், வருகைப் பதிவு. வகுப்பு நேரத்தில் அம்மா என்று கூப்பிட்டால் காது கேட்காது. காய்ச்சல் வந்தால் விடுப்புக் கடிதம் எழுத வேண்டும். தெர்மாமீட்டரை வாயில் வைத்தவளிடமே கடிதத்தை நீட்ட வேண்டும். அவள் படித்துப் பார்த்து, "பெற்றோர் கையெழுத்து எங்கே?" என்று கேட்பாள். பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்தில் அப்பா மட்டும் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, பிள்ளையைக் கவனிப்பதில்லை என்று திட்டு வாங்குவார். விளையாட்டு விழாவில் மகளுக்கு முதல் பரிசு. இரண்டாம் பரிசு வாங்க ஆளில்லாததால் அப்பாவும் ஒரு தடவை மொட்டை மாடியில் ஓடினார்.

சபையில் இளைஞர் கூட்டம் மகளுக்கு வைத்த பட்டப்பெயர் 'ஃபர்ஸ்ட் ரேங்க்'. அவர்கள் கேலி செய்கிறார்கள் என்பது அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. பெருமையாகத் தலையாட்டுவாள்.

அப்பா பல்செட் செய்பவர். சின்ன வயசிலேயே பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு மாமாவின் பட்டறையில் தொழில் கற்றவர். சபையில் முன்வரிசையில் சிரிக்கிற பாதிப் பேரின் சிரிப்பு அவர் கைவேலை. பிரசங்கம் நடக்கும்போது கண்ணை மூடிக் கேட்பார். பக்தி என்று மற்றவர்கள் நினைப்பார்கள். பாஸ்டரின் மேல்வரிசைப் பல்செட் தளர்ந்து 'டிக்' என்று சத்தம் வருகிறதா என்று கவனித்துக்கொண்டிருப்பார். இந்தப் பள்ளியில் அவருக்கு கரஸ்பாண்டெண்ட் பதவி. மேஜையைத் துடைப்பது, மணிக்கு எண்ணெய் போடுவது, விழாக்களுக்கு நாற்காலி தூக்குவது ஆகியவை நிர்வாகப் பொறுப்புகள்.

அந்த கரஸ்பாண்டெண்டிடம்தான் மகள் மேல்முறையீடு செய்தாள்.

"அப்பா, நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்றேன்மா. இப்பவே சொல்றேன்."

நிமிர்ந்த நடையாக அடுக்களைக்குள் போனார். திரும்பி வரும்போது ஒரு கையில் பூ ஜாடி, இன்னொரு கையில் ஈரத் துணி.

"என்னப்பா சொன்னாங்க?"

"இதை மேஜை நடுவுல வைக்கச் சொன்னா. அதுக்கு முன்னாடி மேஜையைத் துடைக்கச் சொன்னா."

அழைப்பு மணி அடித்தது. வந்தது பெரியம்மா. அம்மாவின் அக்கா. நிஜமான பள்ளியில், நிஜமான பிள்ளைகளுக்கு முப்பது வருஷம் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். அதனாலேயே இந்த வீட்டில் அவருக்கு மரியாதை கொஞ்சம் குறைவு.

வாசலில் கட்டியிருந்த பேனரை அண்ணாந்து பார்த்தார். 'முதலாம் பட்டமளிப்பு விழா' என்று இருந்தது.

"முதலாம்னா, ரெண்டாவதும் உண்டா மாப்பிள்ளை? பிள்ளை ஒண்ணுதானேன்னு கேட்டேன்."

"பேனர் கடையிலயும் கேட்டாங்க அக்கா. குரூப் போட்டோ வேணுமான்னும் கேட்டாங்க."

பெரியம்மா உள்ளே வந்தார். அங்கியைப் பார்த்தார். பாடகர் குழுவின் பழைய அங்கியைக் கறுப்புச் சாயத்தில் முக்கியிருந்தார்கள். தொப்பி, பல்செட் வருகிற அட்டைப் பெட்டியில் செய்தது. குஞ்சம், திரைச்சீலையில் வெட்டியது. அதையெல்லாம் பார்த்தபோது வந்த சிரிப்பு மகளின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"என்னடி ஆச்சு? எதுக்குக் கண்ணு சிவந்திருக்கு?"

மகள் சொல்லவில்லை. அப்பா மேஜையைத் துடைத்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

"தொண்ணூத்தொம்பதுக்கு ஃபெயிலா?" பெரியம்மா முந்தானையை இழுத்துச் செருகினார். "நான் முப்பது வருஷத்துல வாத்தியாரையே கடிச்சவனைக்கூட பாஸ் போட்டு அனுப்பியிருக்கேன். எங்க அவ? பிள்ளையை வீட்டுக்குள்ளேயே வச்சு வளக்க இது என்ன தொட்டிச் செடியா?"

"வேணாம் பெரியம்மா" என்று மகள் கையைப் பிடித்தாள். "நீங்க சண்டை போட்டா எனக்கு இன்னும் ஒரு மார்க் போகும். நான் தூண்டி விட்டேன்னு வரும்."

"அப்ப என்னதான் செய்யப் போற?"

மகள் ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த அட்டையை மறுபடி ஒரு தடவை படித்தாள். பிறகு தொப்பியை எடுத்துத் தலையில் சரியாக வைத்துக்கொண்டாள்.

"சொன்னதைச் செய்யப் போறேன். ஒண்ணு விடாம."

பாஸ்டர் வந்தார், சிரித்தார். கரஸ்பாண்டெண்ட் அந்தச் சிரிப்பைக் கூர்ந்து பார்த்துத் திருப்திப்பட்டார். சபையார் வந்து முன்னறையை நிறைத்தார்கள். ஃபிரேமுக்குள் எல்லாரையும் அடைப்பதற்காக போட்டோகிராபர் சுவரோடு ஒட்டி நின்றார்.

அணிவகுப்பு இசை ஒலிபெருக்கியில் முழங்கியது. படுக்கையறையிலிருந்து பட்டதாரி புறப்பட்டாள். நாலு எட்டு வைத்தால் மேடை. இசையோ நீளமானது. முடியும்வரை நடக்க வேண்டும் என்பது மிஸ் உத்தரவு. ஆகவே அவள் சோபாவைச் சுற்றினாள். மறுபடி சுற்றினாள். மூன்றாவது சுற்றில் பாஸ்டர் காலை மடக்கி வழிவிட்டார்.

"போதும், உக்காரு" என்று அம்மா பல்லைக் கடித்தாள்.

"எஸ் மிஸ்."

உடனே உட்கார்ந்தாள். நாற்காலி மேடையில் இருந்தது. அவள் உட்கார்ந்தது நின்ற இடத்தில், தரையில். பெரியம்மா இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார்.

அம்மா ஆண்டறிக்கை வாசித்தாள். "நம் பள்ளியில் பாதியில் படிப்பை நிறுத்திய மாணவர்கள் இல்லை. ஆசிரியர் பற்றாக்குறை ஏற்பட்டதில்லை. தேர்ச்சி விகிதம் நூறு சதவீதம்." கைத்தட்டல். "அன்னாள் தன் மகன் சாமுவேலைக் கர்த்தருக்கென்று வளர்த்ததைப் போல, நானும் என் மகளை என் நிழலிலேயே வளர்த்தேன்."

"சாமுவேலை ஹாஸ்டல்லதானே விட்டா அந்தம்மா?" என்று பெரியம்மா பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். முப்பது வருஷம் பின்பெஞ்சுக்குக் கேட்கும்படி பேசிய குரல், என்ன செய்வது. "பால் மறந்ததும் கோயில்ல கொண்டுபோய் விட்டுட்டு, வருஷத்துக்கு ஒரு சட்டை தச்சுக் கொடுத்ததோட சரி."

பாஸ்டர் யோசித்துப் பார்த்துவிட்டு, "ஆமா" என்றார்.

அம்மா காது கேட்காததுபோல விருதுகளுக்குத் தாவினாள். சிறந்த மாணவி, சிறந்த வருகை, சிறந்த நண்பர். எல்லாம் ஒரே கைக்குப் போயின. கடைசியாக, ரிப்பன் கட்டிய சுருளை பாஸ்டர் எடுத்துக் கொடுக்க, மகள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"அப்படியே விரிச்சுப் பிடிங்கம்மா, ஒரு ஸ்டில்" என்றார் போட்டோகிராபர்.

மகள் அசையவில்லை.

"ரிப்பனை உருவுங்க. எழுத்து தெரியணும்."

"மிஸ்" என்று மகள் அம்மாவின் பக்கம் திரும்பினாள். "பிரிக்கலாமா?"

"வேண்டாம். சுருட்டினபடியே எடுக்கட்டும்."

"எஸ் மிஸ்."

"ஏன் பிரிக்கக் கூடாது?" என்று பாஸ்டர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"ஏன்னு யார் கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு மிஸ் சொல்லியிருக்காங்க ஐயா."

அம்மாவின் மூக்குக்கண்ணாடியில் வியர்வை படர்ந்தது.

"நான்தானம்மா கேக்கறேன்."

"நீங்களும் யார்ல வருவீங்களே ஐயா." மகள் தலைகுனிந்து, மிகுந்த பணிவோடு சொன்னாள். "மிஸ், ஐயா கேட்டா சொல்லணுமா, நீங்க சொன்னபடி சொல்லாம இருக்கணுமா? எதுக்குக் கீழ்ப்படியறதுன்னு நீங்களே சொல்லிடுங்க. அப்படியே செய்யறேன்."

இதற்குப் பாடத்திட்டத்தில் விடை இல்லை. அம்மா சுருளைப் பிடுங்கக் கையை நீட்டினாள். அதற்குள் பெரியம்மா எழுந்து வந்து, "எனக்கு ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலையே" என்று சுருளை வாங்கி ரிப்பனை உருவினார். தாளை இந்தப் பக்கம் திருப்பினார். அந்தப் பக்கம் திருப்பினார். சபையாருக்கும் காட்டினார்.

"வெள்ளையும் சொள்ளையுமா இருக்கே."

"அச்சுப் பிழையா?" என்றார் பாஸ்டர்.

"ஒரு பாடம் பாக்கி ஐயா" என்று அம்மா ஒப்புக்கொண்டாள். "கீழ்ப்படிதல். நூத்துக்கு ஒண்ணு குறையுது. வீட்டுல இருந்து படின்னு சொன்னதுக்கு உடனே சரின்னு சொல்லலை. யோசிக்கறேன்னு சொல்லிட்டா. இன்னும் ஒரு வருஷம் வீட்டுல இருந்தா சரியாயிடும்."

பாஸ்டர் மகளைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்ற? இன்னும் ஒரு வருஷம் இருப்பியா?"

"மிஸ் இருக்கச் சொன்னா இருக்கேன் ஐயா."

"காலேஜ்?"

"மிஸ் வேணாம்னா வேணாம்."

"வருத்தமில்லையா?"

"வருத்தப்படலாமா மிஸ்?"

சபையில் ஒரு வயதான அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாஸ்டர் எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்றால் குறைந்தது மூன்று குறிப்புள்ள பிரசங்கம் வரும் என்று எல்லாரும் நாற்காலியில் சாய்ந்தார்கள். ஆனால் அவர் சுருக்கமாகவே சொன்னார்.

"சகோதரி, என் பிள்ளைகளை 'கேட்டை மூடு'ன்னா மூணு தரம் சொல்லணும். இந்தப் பிள்ளை வருத்தப்படறதுக்குக்கூட அனுமதி கேக்குது. இதுக்கு மேல அந்த ஒரு மார்க்கை எங்கேருந்து எடுப்பீங்க?"

"இருந்தாலும் ஐயா, போன வாரம்..."

"போன வாரம் தப்பு, இந்த வாரம் திருந்திட்டா. மனந்திரும்பினா மன்னிப்பு இல்லையா?"

ஹெட்மிஸ்ட்ரஸ் இன்னும் அசையவில்லை. அப்போதுதான் பெரியம்மா மேஜையிலிருந்த ஆண்டறிக்கையைக் கையில் எடுத்து, ஒரு சின்ன சந்தேகம் கேட்பவர்போலக் கேட்டார்.

"ஏண்டி, தேர்ச்சி விகிதம் நூறுன்னு வாசிச்சியே. இருக்கறது ஒரு பிள்ளை. அது ஃபெயில்னா, விகிதம் எவ்வளவு?"

பன்னிரண்டு வருஷத்து உழைப்பு. ஆசிரியர், முதல்வர், வார்டன், வாட்ச்மேன் எல்லாமாக இருந்தவள். சபையே பார்த்துக்கொண்டிருக்க, பள்ளியின் முதலும் கடைசியுமான தேர்ச்சி விகிதம் சைபர். மகள் போய்விடுவதைக்கூட அம்மா ஒருவேளை தாங்கிக்கொள்வாள். இதைத் தாங்கமாட்டாள்.

"அலமாரியில மேல் தட்டுல இருக்கு" என்றாள் அப்பாவிடம்.

அப்பா ஓடினார். நிஜச் சான்றிதழ் வந்தது. எல்லா விவரமும் நிரப்பி, முத்திரைகூடக் குத்தி வைத்திருந்தாள். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. பேனா தாளைத் தொடுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் காற்றிலேயே நின்றது. பிறகு எழுதியது. கைத்தட்டலில் சன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"இப்ப விரிச்சுப் பிடிங்க" என்றார் போட்டோகிராபர்.

"மிஸ்?" என்றாள் மகள்.

"பிடிச்சுத் தொலை."

சாயங்காலம் நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, அப்பா குரலைத் தாழ்த்தி மகளிடம் கேட்டார்.

"அவ பிடிவாதமா இருந்திருந்தா, நெசமாவே ஒரு வருஷம் இருந்திருப்பியா?"

"பன்னெண்டு வருஷமா ஒரே வாத்தியார்ப்பா." மகள் அட்டைத் தொப்பியைத் தட்டையாக மடித்துக்கொண்டிருந்தாள். "எந்தப் பதிலுக்கு எவ்வளவு மார்க் போடுவாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

அப்பா இரண்டு நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். பாஸ்டருக்குப் பல் செய்துகொடுத்த நாளில்கூட அவர் இவ்வளவு திருப்தியாக இருந்ததில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் மகள் பெட்டியோடு ரயில் ஏறினாள். பிளாட்பாரத்தில் அம்மா கண்ணாடி போடாமல்தான் நின்றாள். தலையில் கைவைத்து ஜெபித்தாள், ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளச் சொன்னாள், கடைசியில், "ஹாஸ்டல்ல யாராவது எதையாவது செய்யச் சொன்னா, உடனே சரின்னு சொல்லிடாத" என்றாள்.

"யோசிச்சுச் சொல்றேம்மா" என்றாள் மகள். இந்தத் தடவை மார்க் குறையவில்லை.

வீடு திரும்பினார்கள். அப்பா பட்டறைக்குக் கிளம்பத் தயாரானார். யாரோ ஒருவரின் கீழ்வரிசைப் பற்கள் காகிதப் பொட்டலத்தில் அவருக்காகக் காத்திருந்தன. சாப்பாட்டு டப்பாவை எடுக்க அடுக்களைக்குப் போனவர், சாப்பாட்டு மேஜையைக் கடக்கும்போது நின்றார்.

மேஜையோரச் சுவரில் மாட்டியிருந்த வகுப்புக் கரும்பலகை சுத்தமாகத் துடைக்கப்பட்டிருந்தது. அதன் மூலையில் புதுத் தேதி எழுதியிருந்தது. மேஜைமேல் புதிதாகச் சீவிய பென்சில் ஒன்று.

டர்ர்ர்ரென்று மணி அடித்தது.

திரும்பிப் பார்த்தார். அம்மா ஸ்விட்சிலிருந்து கையை எடுத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவருடைய செருப்புக்கும் வாசலுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"ஏங்க, நீங்க ஒன்பதாவதைப் பாதியில விட்டீங்களா, இல்ல முடிச்சிட்டுத்தான் விட்டீங்களா?"